குடும்ப எஸ்யூவியைக் கரடுமுரடான பாதைக்கு வலுப்படுத்துதல்: எடைக் கணக்கிலிருந்து தொடங்கும் ஓர் எளிய விளக்கம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குத் தெற்கே ப்ராஸ்பெக்டன் ஆலையில் தயாராகும் டொயோட்டா ஃபார்ச்சூனர், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் வட்டாரத்தில் வீட்டு வாசல்களில் சாதாரணமாகக் காணக்கிடைக்கும் வண்டி. வார நாள்களில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, வெள்ளிக்கிழமை தாத்தாவையும் ஆயாவையும் கோயிலுக்கு அழைத்துச் செல்லும் அதே வண்டியை, டிசம்பர் விடுமுறை வந்ததும் டிராக்கன்ஸ்பெர்க் மலையின் சானி கணவாய்க்கோ கோசி விரிகுடாவின் மணற்பாதைக்கோ கொண்டுபோக வேண்டும் என்ற ஆசை பலருக்கு உண்டு. உடனே கடைக்காரர் காட்டுவது இரும்பு பம்பரும், சிக்கிய வண்டியைக் கயிறு சுற்றி இழுத்தெடுக்கும் வின்ச்சும், வண்டியை இரண்டங்குலம் உயர்த்தும் ஸ்பிரிங்குகளும்தான். எதற்காக, எந்த வரிசையில், எவ்வளவு செலவழிக்கலாம் என்று முடிவெடுக்கும் முன், ‘ஹெவி டியூட்டி’ என்று விற்கப்படும் பாகம் உண்மையில் என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

கனரகப் பாகம் என்றால் எல்லா வகையிலும் உயர்ந்த பாகம் என்று பொருளில்லை. அது ஒரு குறிப்பிட்ட சுமையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. அந்தச் சுமை வண்டியில் இருக்கும்போது அது நன்றாக வேலை செய்யும். இல்லாதபோது பழைய பாகத்தைவிட மோசமாகவே வேலை செய்யும். குடும்ப வண்டியின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது, ஏனெனில் அது ஆண்டின் பெரும்பகுதி காலியாகவும், சில வாரங்கள் மட்டும் கூரை வரை நிரம்பியும் ஓடுகிறது.

முதலில் உங்கள் வண்டி எந்த வகை என்று பாருங்கள். ஃபார்ச்சூனர், பஜேரோ ஸ்போர்ட், எவரெஸ்ட் போன்றவை ஏணி வடிவச் சட்டத்தின்மேல் உடற்கூடு பொருத்தப்பட்டவை. பின்புறத்தில் இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே திடமான அச்சும், அதன்மேல் சுருள் ஸ்பிரிங்குகளும் இருக்கும். தனிச் சட்டமின்றி உடற்கூடே சட்டமாகவும் அமைந்த சிறிய குடும்ப வண்டிகளில் இந்தக் கட்டுரை சொல்லும் மாற்றங்களில் நல்ல டயரைத் தவிர மற்றவை பெரிதாகப் பலன் தரா. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஃபார்ச்சூனரே இரு சக்கர இயக்கம், நான்கு சக்கர இயக்கம் என்று இரண்டு விதமாகவும் விற்கப்படுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே உயரம், ஒரே கம்பீரம். ஆனால் 2,876 மீட்டர் உயரத்தில் லெசோத்தோவுக்குள் நுழையும் சானி கணவாயில், தென்னாப்பிரிக்க எல்லைச் சாவடி நான்கு சக்கர இயக்க வண்டிகளை மட்டுமே மேலே அனுப்பும். எத்தனை ஆயிரம் ராண்டுக்குப் பாகங்களை மாட்டியிருந்தாலும் இரு சக்கர இயக்க வண்டி அங்கேயே திரும்ப வேண்டியதுதான்.

அடுத்தது எடை. இதைத்தான் நிதானமாகப் படிக்கச் சொல்வேன், ஏனெனில் பின்னால் வரும் எல்லாத் தேர்வுகளும் இதிலிருந்தே பிறக்கின்றன. முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வட்ட உரிமச் சீட்டை உள்ளிருந்து பாருங்கள். அதில் டேர், ஜிவிஎம் என்று இரண்டு எண்கள் கிலோவில் அச்சிடப்பட்டிருக்கும். முதலாவது காலி வண்டியின் எடை, இரண்டாவது சாலையில் ஓடும்போது வண்டி எட்டக்கூடிய மொத்த எடையின் உச்சவரம்பு. ஜிவிஎம் அங்கே தெளிவாக இல்லாவிட்டால் வண்டியுடன் வந்த கையேட்டில் கிடைக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் வருவதே நீங்கள் ஏற்றக்கூடிய சுமை. டேர் எடையில் எரிபொருள் சேராது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 80 லிட்டர் டீசல் தொட்டியை நிரப்பினாலே ஏறத்தாழ 66 கிலோ போய்விடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டாக, கழித்து வந்த சுமை 650 கிலோ என்று வைத்துக்கொள்வோம். எரிபொருள் 66 கிலோ. மூன்று பெரியவர்களும் வளர்ந்த பிள்ளைகள் இருவரும் சேர்ந்து 315 கிலோ. இனி மாட்டப்போகும் பொருள்கள்: இரும்பு பம்பர் 60, வின்ச் 30, ரூஃப் ரேக் 35, அதன்மேல் மடிப்புக் கூடாரம் 60, உணவு நிரப்பிய குளிர்பெட்டி 35, அதற்கான இரண்டாவது பேட்டரி 25, இரண்டு கேன் தண்ணீர் 40. இவை மட்டும் 285 கிலோ. மூன்றையும் கூட்டினால் 666 கிலோ. படுக்கை, உடை, கேஸ் அடுப்பு, கருவிப்பெட்டி, பொன்னி அரிசி மூட்டை எதுவும் ஏறாமலேயே வண்டி வரம்பைத் தாண்டிவிட்டது. என் கருத்தில், புதிதாகத் தொடங்குபவர் கடைக்குப் போகும் முன் இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுவிட வேண்டும். அதன்பின் பட்டியலிலிருந்து தாமாகவே இரண்டு மூன்று பொருள்கள் உதிர்ந்துவிடும். பெரும்பாலும் முதலில் உதிர்வது வின்ச்.

எடை எவ்வளவு என்பதோடு எங்கே என்பதும் முக்கியம். பம்பரும் வின்ச்சும் சேர்ந்த 90 கிலோ, முன் அச்சுக்கு ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் முன்னால் தொங்குகிறது. ஃபார்ச்சூனரின் இரு அச்சுகளுக்கும் இடையிலான தூரம் 2.745 மீட்டர். நெம்புகோல் கணக்குப்படி முன் அச்சின்மேல் விழும் கூடுதல் சுமை 90 அல்ல, 120 கிலோவுக்கு நெருக்கம். அந்த வேறுபாடான 30 கிலோ அளவுக்குப் பின் அச்சு இலகுவாகிறது. வண்டியின் வாலில் மாட்டும் உதிரிச் சக்கரத் தாங்கியும் இதே விதியால் பின் அச்சைத் தன் எடைக்கு மேலாகவே அழுத்தும். கூரையில் வைக்கும் எடை அச்சுகளுக்கிடையே பகிரப்பட்டாலும், வண்டியின் ஈர்ப்பு மையத்தை மேலே தூக்கிவிடுகிறது. பக்கவாட்டில் சரிந்த பாதையிலும், சரளைச் சாலையில் திடீரென ஸ்டியரிங்கைத் திருப்பும்போதும் அதன் விளைவு தெரியும். கனமான பொருளைக் கீழே, இரு அச்சுகளுக்கும் நடுவே, பின்னிருக்கையின் முதுகையொட்டி வைப்பது ஒரு சல்லிகூடச் செலவில்லாத மேம்பாடு.

இப்போது ஸ்பிரிங்கிற்கு வருவோம். சுருள் ஸ்பிரிங்கின் விறைப்பு அதன் கம்பியின் தடிப்பைப் பொறுத்து மிக வேகமாக மாறுகிறது. கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப அது கூடும். அதாவது 15 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதிலாக, மற்ற அளவுகளெல்லாம் அப்படியே இருக்க, 16 மில்லிமீட்டர் கம்பியில் சுற்றினால் விறைப்பு ஏறக்குறைய 29 விழுக்காடு ஏறும். கண்ணால் பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடே தெரியாது. ஒரு மில்லிமீட்டர் அமுங்குவதற்கு 30 நியூட்டன் விசை தேவைப்படும் ஸ்பிரிங்குகள் பின்னால் இரண்டு இருப்பதாகக் கொண்டால், பின் அச்சின்மேல் 200 கிலோ ஏறும்போது வண்டியின் பின்பக்கம் ஏறத்தாழ 33 மில்லிமீட்டர் தாழும். 40 நியூட்டன் ஸ்பிரிங் போட்டால் அது 25 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஆனால் பின்பக்கம் தாழ்ந்தால் முகப்பு விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கிறது, முன்சக்கரங்களின் பிடி குறைகிறது, பள்ளத்தில் இறங்கும்போது ஸ்பிரிங் முழுதும் அமுங்கி ரப்பர்த் தடுப்பில் இடித்து நிற்கிறது. அந்த இடி சட்டத்திற்கே போய்ச் சேரும்.

சஸ்பென்ஷன், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தாங்கமைப்பு, தயாரிக்கும் நிறுவனங்கள் ஒரே வண்டிக்குப் பல விறைப்புகளில் ஸ்பிரிங் விற்பது இதனால்தான். அவற்றைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோல் ‘நிலையான சுமை’, அதாவது வண்டியிலிருந்து எப்போதும் இறக்காத எடை. பம்பர், இழுவைக் கொக்கி, நிரந்தரமான இழுப்பறைப் பெட்டி ஆகியவை அதில் சேரும். விடுமுறையில் மட்டும் ஏறும் மூட்டைகள் சேரா. ஆண்டுக்கு ஒருமுறை மொசாம்பிக் போகும்போது ஏறும் சுமையைக் கணக்கிட்டு 400 கிலோ சுமைக்கான ஸ்பிரிங்கை மாட்டிவிட்டு, மற்ற நாளெல்லாம் காலி வண்டியை ஓட்டினால், என்-2 நெடுஞ்சாலையின் ஒவ்வோர் இணைப்பிலும் பின் இருக்கையில் இருக்கும் தாத்தாவின் இடுப்பு அதைச் சொல்லிக் காட்டும். அது வசதிக் குறைவு மட்டுமல்ல: மிகையாக விறைத்த ஸ்பிரிங், சீரற்ற தரையில் சக்கரத்தைத் தரையோடு ஒட்டவிடாமல் துள்ளவிடுவதால் ஈரச் சாலையில் பிடியும் குறைகிறது.

சுமை ஏறி இறங்கும் குடும்ப வண்டிக்கு நான் பரிந்துரைப்பது வேறு வழி. இயல்பைவிட ஒரே ஒரு படி விறைப்பான பின் ஸ்பிரிங்கைப் போட்டு, அதன் சுருளுக்குள்ளே நுழைக்கக்கூடிய ரப்பர் காற்றுப் பைகளைச் சேர்த்துக்கொள்ளலாம். டயருக்குக் காற்றடிக்கும் அதே வால்வு வழியாக அவற்றில் காற்றடித்தால் சுமையோடு வண்டி சமமாக நிற்கும். வீட்டுக்கு வந்ததும் காற்றைக் குறைத்தால் பழைய மென்மை திரும்பிவிடும். விலையும் முழு சஸ்பென்ஷன் தொகுப்பை மாற்றுவதைவிடப் பல மடங்கு குறைவு. ஒரே எச்சரிக்கை: ஸ்பிரிங்கோ காற்றுப் பையோ ஜிவிஎம் எண்ணை உயர்த்துவதில்லை. வண்டி சமமாக நிற்பதைப் பார்த்து இன்னும் ஏற்றலாம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் பிரேக், அச்சு, சக்கர பேரிங், சட்டம் எல்லாம் பழைய வரம்புக்கே செய்யப்பட்டவை.

ஷாக் அப்சார்பர் எடையைத் தாங்குவதில்லை என்பது தொடக்கத்தில் பலருக்கு வியப்பாக இருக்கும். எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அது அமுங்கி எழும் ஆட்டத்தை அடக்குவதே ஷாக்கின் வேலை. உள்ளே இருக்கும் பிஸ்டன், சிறு துளைகள் வழியாக எண்ணெயைப் பிழிந்து தள்ளும்போது அசைவாற்றல் வெப்பமாகிறது. தார்ச் சாலையில் அந்த வெப்பம் சிறிது, காற்றே குளிர்வித்துவிடும். ஆனால் நம் நாட்டின் உட்பகுதிச் சரளைச் சாலைகளில், பாயின் கோரைகளைப் போல நெருக்கமாக வரிவரியாக எழும் சிறுமேடுகளின்மேல் மணிக்கணக்கில் ஓடும்போது, பிஸ்டன் ஒரு நொடிக்குப் பலமுறை மேலும் கீழும் அடித்து எண்ணெயைக் கொதிக்கும் அளவுக்குச் சூடாக்குகிறது. சூடான எண்ணெய் இளகுகிறது, அதில் காற்றுக் குமிழ்கள் கலந்து நுரைக்கிறது, நுரை பிஸ்டனுக்கு எதிர்ப்புக் காட்டுவதில்லை. ஓட்டுபவருக்குத் தெரிவதெல்லாம், காலையில் உறுதியாக இருந்த வண்டி நண்பகலுக்குள் வளைவுகளில் பின்பக்கம் வழுக்கத் தொடங்குவதுதான். வண்டியை நிறுத்திவிட்டு ஷாக்கின் அருகே கையைக் கொண்டுபோனாலே அனல் அடிக்கும். தொட்டுப் பார்க்க வேண்டாம், தோல் வெந்துவிடும்.

கனரக ஷாக்கில் உருளை அகலமானது, எண்ணெய் அதிகம், பிஸ்டன் தண்டு தடித்தது. நைட்ரஜன் வாயுவை அழுத்தத்தில் அடைத்து நுரைப்பைக் குறைப்பது ஒரு முறை. வாயுவுக்குப் பதிலாக நுண்ணறைப் பஞ்சு ஒன்றை எண்ணெயின் வெளியறையில் சுற்றிவைப்பது இன்னொரு முறை. குடும்பப் பயன்பாட்டுக்கு இரண்டுமே போதும். புதிய ஸ்பிரிங்கோடு பழைய ஷாக்கை விட்டுவைப்பது மட்டும் கூடாது: விறைப்பான ஸ்பிரிங் எழும் வேகத்தைப் பழைய ஷாக்கால் அடக்க முடியாது.

உயர்த்துவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் அதைப் பற்றிப் பேசப்படுவது அதன் பயனைவிட அதிகம். ஸ்பிரிங் மாற்றி வண்டியை 40 மில்லிமீட்டர் உயர்த்தினால் உடலின் வயிற்றுப்பகுதியும், ஏற்ற இறக்கங்களில் இடிக்கும் மூக்கும் வாலும் அந்த அளவுக்கு உயர்கின்றன. ஆனால் பின் அச்சின் நடுவே உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியல் ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. அது அச்சோடு சேர்ந்தது, அச்சு சக்கரத்தோடு சேர்ந்தது. கல்லில் முதலில் இடிப்பது பெரும்பாலும் அதுவே. மறுபுறம், முன்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் சிவி இணைப்புகள் அதிகம் மடங்கிய கோணத்தில் வேலை செய்ய நேர்கிறது. ஏறத்தாழ 50 மில்லிமீட்டருக்கு மேல் போனால் முன்சக்கரங்களை மேலிருந்து பிடித்திருக்கும் சஸ்பென்ஷன் கைகளையும் மாற்றினால்தான் சக்கரக் கோணங்களைச் சரிசெய்ய முடியும். பின் அச்சைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் குறுக்குத் தண்டு, உயர்த்தும்போது அச்சை ஒரு பக்கமாகச் சற்று இழுத்துவிடும். குடும்ப வண்டிக்கு 40 மில்லிமீட்டரே தாராளம்.

டிஃபரன்ஷியலை உயர்த்தும் ஒரே வழி பெரிய டயர். ஃபார்ச்சூனரில் வரும் 265/65ஆர்17 டயரின் முழு விட்டம் சுமார் 776 மில்லிமீட்டர். 265/70ஆர்17 போட்டால் 803. விட்டத்தில் 27 கூடினாலும் தரைக்கும் அச்சுக்கும் இடையே கூடுவது அதில் பாதி, 13 மில்லிமீட்டர்தான். சுற்றளவு மூன்றரை விழுக்காடு கூடுவதால் வேகமானி 100 காட்டும்போது வண்டி முன்பைவிட 3 கிலோமீட்டர் விரைவாகப் போகும். பெரும்பாலான வேகமானிகள் சற்றுக் கூட்டியே காட்டுவதால் இது பொதுவாகப் பிழையை உண்டாக்குவதற்குப் பதில் குறைக்கிறது. ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதும் திருப்பி, டயர் உள்வளைவில் உரசுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உண்மையில் டயரின் அளவைவிட அதன் கட்டமைப்பே பெரிய ஆதாயம். ஆலையிலிருந்து வரும் நெடுஞ்சாலை டயரின் பக்கச்சுவர் மெல்லியது. கூர்மையான கல் அதைக் கிழித்தால் ஒட்டுப்போடவும் முடியாது. ‘ஆல் டெரெய்ன்’ வகை டயரில், அதிலும் இலகுரக டிரக்குகளுக்கான பிரிவில், பக்கச்சுவரில் கூடுதல் அடுக்குகள் உண்டு. அதற்கு விலையாக ஒவ்வொரு சக்கரமும் சில கிலோ கனக்கும், எரிபொருள் சற்றுக் கூடும், இரைச்சலும் எழும். டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் சுமைக் குறியீட்டை, 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும் என்பது போல, வண்டியின் பழைய டயரோடு ஒப்பிட்டு, அதற்குக் குறையாததை வாங்குங்கள். ஐந்தாவது, அதாவது உதிரிச் சக்கரத்தையும் சேர்த்தே வாங்குங்கள்.

நல்ல டயரோடு ஒரு காற்றழுத்தமானியும் காற்றடிக்கும் சிறு கம்ப்ரஸரும் சேர்ந்தால், எந்த சஸ்பென்ஷன் மாற்றத்தையும்விட அதிகமான இடங்களுக்கு வண்டி போகும் என்பது என் உறுதியான எண்ணம். கோசி விரிகுடாவை அடுத்த மணற்பாதையிலும் டெம்பே யானைகள் பூங்காவிலும் 1.0 முதல் 1.2 பார் வரை காற்றைக் குறைத்தால் டயரின் தடம் நீண்டு, வண்டி மணலில் புதையாமல் மேலே மிதந்து போகிறது. சரளையில் 1.6 முதல் 1.8 பார் போதும். காற்றைக் குறைத்தபின் வேகத்தையும் குறைத்தாக வேண்டும்; தார்ச்சாலை வந்ததும் நிறுத்தி மறுபடி நிரப்பாவிட்டால் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கும். பொழுதுபோக்குக்காகக் கடற்கரை மணலிலேயே வண்டியோட்டுவது இந்த நாட்டில் 2001ஆம் ஆண்டின் இறுதியில் வந்த விதிகளால் தடைசெய்யப்பட்டது என்பதால், மணல் என்று இங்கே சொல்வது உட்பகுதிப் பாதைகளையே.

எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் அடியில் ஆலை மாட்டியிருக்கும் மெல்லிய தகட்டுக்குப் பதிலாக 3 அல்லது 4 மில்லிமீட்டர் இரும்புத் தகடு போடுவது நியாயமான செலவு. அலுமினியத்தில் எடை குறையும், விலை கூடும். எண்ணெய் மாற்றும்போது கழற்ற வேண்டியிராதபடி அதில் துளை இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். சிக்கிக்கொண்ட வண்டியை இழுக்க, சட்டத்தில் போல்ட்டால் இணைத்த, சுமைத் திறன் பொறித்த கொக்கி முன்னும் பின்னும் தேவை. கப்பலில் ஏற்றும்போது கட்டிவைப்பதற்கான சிறு வளையங்கள் வண்டியின் அடியில் இருக்கும். அவற்றை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. டிரெய்லர் இழுக்கும் உருண்டையில் கயிற்றை மாட்டுவது அதைவிடக் கொடியது: அது முறிந்தால் துப்பாக்கிக் குண்டாகப் பறந்து பின்னாலிருக்கும் வண்டியின் கண்ணாடியைத் துளைத்து ஆளைக் கொன்றுவிடும். எஞ்சினுக்கான காற்றைக் கூரை உயரத்திலிருந்து எடுக்கும் குழாயான ஸ்நார்க்கல், எஞ்சினுக்குள் தண்ணீர் உறிஞ்சப்படுவதை மட்டுமே தடுக்கும். கதவு வழியாகப் புகும் நீரையும், மின்சாதனங்களில் ஏறும் ஈரத்தையும் அது ஒன்றும் செய்யாது. ஆற்றைக் கடக்கும் எண்ணம் இல்லாதவர்கள் அதைத் தள்ளிவைக்கலாம்.

ஆகவே நான் சொல்லும் வரிசை டயர், கம்ப்ரஸர், இழுவைக் கொக்கிகள், அடித்தகடு. இவற்றோடு ஒரு பயணம் போய்வந்தபின் சஸ்பென்ஷன். அந்தப் பயணத்துக்குப் புறப்படும் காலையில், எல்லாரும் ஏறி, தொட்டியும் நிரம்பிய நிலையில், சமதரையில் வண்டியை நிறுத்தி, நான்கு சக்கரங்களிலும் நடுப்புள்ளியிலிருந்து மேலே உடற்கூட்டின் வளைவு விளிம்பு வரை அளவுநாடாவால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். காலி வண்டியிலும் அதையே அளந்திருந்தால், எந்த மூலை எத்தனை மில்லிமீட்டர் தாழ்கிறது என்று தெரியும். பழைய இரும்பு வாங்கும் கிடங்குகள் சிலவற்றில் எடைமேடை இருக்கும். முன்சக்கரங்களைத் தனியாகவும் முழு வண்டியையும் நிறுத்தி எடுத்த இரண்டு எண்களோடு அந்த அளவுகளையும் சஸ்பென்ஷன் கடையில் கொடுத்தால், சரியான ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுப்பது அவர்களுக்குச் சில நிமிட வேலை. எண்களைக் கேட்காமலே ஒரு தொகுப்பை விற்க முனையும் கடையில் நான் வாங்க மாட்டேன்.

மாட்டும்போது ஒன்றை நீங்களே நின்று கவனிக்கலாம். சஸ்பென்ஷன் கைகளின் முனைகளில் இருக்கும் ரப்பர் புஷ்கள், போல்ட்டை இறுக்கும் நிலையிலேயே உறைந்து பிடித்துக்கொள்ளும் வகையைச் சேர்ந்தவை. வண்டி தூக்கியில் சக்கரங்கள் தொங்கும்போதே போல்ட்டை முழுதும் இறுக்கிவிட்டால், இறக்கியவுடன் ரப்பர் முறுக்கிக்கொண்டு எப்போதும் அந்த முறுக்கிலேயே வேலை செய்து, சில மாதங்களில் கிழிந்துவிடும். ஆகவே முதலில் தளர்வாக மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, சற்று ஆட்டி அமரவிட்டபின் குறிப்பிட்ட அளவுக்கு இறுக்க வேண்டும். சக்கரக் கோணச் சீரமைப்பும் முகப்பு விளக்கின் சாய்வும் அன்றே சரிசெய்யப்பட வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கு மாற்றங்களை எழுத்தில் தெரிவிப்பதும் அதே வாரத்தில் நடக்கட்டும். புதிய ஸ்பிரிங்குகள் முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குள் சில மில்லிமீட்டர் அமர்ந்துவிடும் என்பதால், அதற்குப் பின் எல்லா போல்ட்டுகளையும் மறுபடி இறுக்கிப் பார்த்து, சக்கரக் கோணங்களையும் இன்னொருமுறை அளக்கச் சொல்ல வேண்டும்.